இவர் சொல்லாமல் விட்டது

இவருடைய குளிர் ஜக்கெற்றை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தது இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. கறுப்பு நிறம், பழைய உடுப்புக் கடையில் எடுத்தது, தோளில் இவருக்குக் கொஞ்சம் பெரிது. தொப்பியைச் சுருட்டி ஜக்கெற்றின் ஒரு கைக்குள் செருகி வைத்திருந்தார். மொன்றியல் நகரத்தின் நடுவில் ஓர் உயரமான கட்டடம், அதில் கதவு சாத்திய ஓர் அறை, அறைக்கு வெளியே நான். உள்ளே இவருடைய அகதிக் கோரிக்கையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவருடையது மட்டுமல்ல, என்னுடையதும் பிள்ளைகளுடையதும் அதற்குள்தான் இருந்தது. என்னை வெளியே அனுப்பியது அங்கிருந்த அதிகாரி அல்ல, இவர்தான். “நீ கொஞ்சம் வெளியில நில்” என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் என்னை எங்கேயும் வெளியே நிற்கச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ஏனோ எழுந்து வந்துவிட்டேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று சென்ற மாதம் இவரிடம் கேட்டேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எழுது. பேரைப் போடாதை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பிள்ளையள் தமிழ் வாசிக்காதுகள் தானே” என்றார். மகளும் மகனும் தங்களுக்குள் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே வருடக்கணக்காக வீட்டில் சண்டை பிடித்த மனிதர் இவர். அதே குறையை அன்றைக்கு ஓர் ஆறுதல்போலச் சொன்னதைக் கேட்க எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆகவே இந்தக் குறிப்பு முழுவதும் இவர் ‘இவர்’ தான்.

திருகோணமலையில் இவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது, எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, கூட வருவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கரையில் நாலு பேர் மதிக்கிற ஆள். மதிக்கிறார்கள் என்பது இவருக்கும் நன்றாகத் தெரியும். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். கல்யாணம் பேசியபோது என் தமக்கை, “மாப்பிள்ளைக்குக் கடல் முழுக்கத் தன்ரை எண்டு நினைப்பு” என்று பகிடி பண்ணினாள். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும் என்று வந்தது. விடியக் கரையில் உள்ள நேவிக்காரரின் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வந்து பாஸைக் கொடுத்து அட்டையை வாங்க வேண்டும். பெரிய எஞ்சின் கூடாது என்றார்கள், சின்னதைப் பூட்டினார். தூரம் போகக்கூடாது என்றார்கள், கிட்ட நின்று பிடித்தார். கிட்ட என்ன மீன் இருக்கிறது? பிடித்ததிலும் நல்ல பாரையாகப் பார்த்து எடுத்துக்கொண்டுதான் விடுவார்கள். ஒருநாள் வலையை வெட்டிப்போட்டிருந்தார்கள். பொலிசுக்குப் போனார். அவர்கள் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் பிறகு காட்டினால், வலையைத் தானே கடலில் தொலைத்துவிட்டதாக எழுதியிருந்தது. மகன் பள்ளிக்கூடம் போகும் வழியில் சென்றியில் நிற்கிற ஆமிக்காரர் மறித்துப் புத்தகப் பையைத் தெருவில் கொட்டுவார்கள், அவன் பொறுக்கி அடுக்கிக்கொண்டு போவான். எல்லாவற்றுக்கும் இவர் ஒரு வார்த்தைதான் வைத்திருந்தார்: “பரவாயில்லை, விடு.” திடீரென்று ஒருநாள் எஞ்சினை விற்றார். “மீன் படுகுதில்லை” என்றார். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகவில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே நிலைமை மறுபடி மோசமாகியபோது எப்படியோ அலைந்து இங்கே வந்து சேர்ந்தோம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கீழே தமிழ்க்கடை, எதிரே வங்காளிக்கடை, படியெல்லாம் கறி மணம். வந்த புதிதில் வீட்டுக்கு வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருவார்கள்: “அங்கை உங்களுக்கு என்ன நடந்தது?” கேட்கிறவர்களில் பலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், புருஷனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாதவர்கள். அவர்களுக்கு முன்னால் இருந்துகொண்டு பாரை மீனை எடுத்தான், பாஸ் தரவில்லை என்று எப்படிச் சொல்வது? நாக்குக் கூசும். செத்த வீட்டில் தலையிடி என்று சொல்வதுபோல இருக்கும். எங்களுக்கு ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை.

அந்த மரியாதையை எங்கள் சட்டத்தரணியிடமும் காட்டியதுதான் வினையாகப் போனது. அவர் இந்த ஊர்ப் பெண், பிரெஞ்சுக்காரி, வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். பேசுவதைத் தமிழாக்க யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தி வருவாள். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். பாஸ் பாரபட்சம். எஞ்சின் பாரபட்சம். மகனின் புத்தகப் பை பாரபட்சம். பாரபட்சம் காட்டினார்கள் என்பதற்காக மட்டும் ஒருவரை அகதி என்று ஏற்கமாட்டார்கள். ஆனால் இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு மனிதனை மனிதனாக வாழவிடாத அளவுக்கு வந்துவிட்டால், அப்போது அதற்குப் பெயர் துன்புறுத்தல். ஆகவே சின்னது என்று எதையும் விடக்கூடாது. இவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, “அந்த அளவு எவ்வளவு எண்டு ஆர் சொல்லுறது?” என்றார். அக்கா அதை மொழிபெயர்த்தாள். அன்றைக்கு முடிவு சொல்லும் கதிரையில் இருக்கிறவர் என்றார் சட்டத்தரணி.

அந்தக் கதிரையில் இருந்தவர் வயதான, களைத்த, மரியாதையான மனிதர். நாங்கள் நீதிபதி என்போம், நீதிபதி இல்லையாம். எங்களை இருக்கச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இவர் பாஸைச் சொன்னார், எஞ்சினைச் சொன்னார், வலையைச் சொன்னார். யாரோ அயலவரின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த மனிதர் எல்லாம் எழுதிவிட்டுக் கேட்டார்: உங்களை அடித்தார்களா? இல்லை. பிடித்து வைத்தார்களா? இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா? போனார்கள். வீடு இருந்ததா? இருந்தது. சண்டை நடக்கும் இடத்தில் பாதுகாப்புக்காக எல்லாப் படகுகளுக்கும் வைத்த கட்டுப்பாடுகள் இவை. உங்களைத் தொழில் செய்ய விட்டுத்தான் இருக்கிறார்கள். அப்படியானால் ஏன் கடலை விட்டீர்கள்? கடைசியில் என்னதான் நடந்தது?

“மீன் படேல்லை” என்றார் இவர்.

அந்த மனிதர் பேனையை மூடினார். மீன் படாததற்கு யாரும் நாடு தரமாட்டார்கள் என்பது எனக்கே விளங்கியது. சட்டத்தரணி உடனே எழுந்து கொஞ்ச நேரம் இடைவேளை கேட்டார். வெளியே தாழ்வாரத்தில் நான் இவருடைய கையைப் பிடித்து, “என்னெண்டாலும் சொல்லிப்போடுங்கோ. பிள்ளையளை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ” என்றேன். அப்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் நல்லது என்ற தவிப்பில் கேட்டேன். புருஷனுக்கு ஏதாவது கெடுதல் நடந்திருக்கக்கூடாதா என்று ஒரு பெண் ஆசைப்படுகிற இடத்துக்கு அன்றைக்கு வந்திருந்தேன். இடைவேளை முடிந்து மறுபடி உள்ளே போய் இருந்ததும் இவர் ஜக்கெற்றைக் கழற்றி என்னிடம் தந்தார். பிறகுதான் என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

கதவு திறந்து அக்கா என்னைக் கூப்பிட்டபோது அவளுடைய முகம் முன்புபோல இல்லை. உள்ளே போனேன். இவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நான் அயன்பெட்டியால் மினுக்கிக் கொடுத்த சேர்ட், இடுப்புக்குள் ஒழுங்காகச் செருகியிருந்தது, இப்போது ஒரு பக்கம் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செருகிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அந்த மனிதர் என்னிடம், கடலுக்குப் போவதை விடுவதற்கு முந்திய மாதங்களில் உங்கள் கணவரிடம் ஏதாவது மாற்றம் கண்டீர்களா என்று கேட்டார். சாப்பாடு குறைந்தது என்றேன். நித்திரை கொள்ளவில்லை என்றேன். எல்லாப் பெண்களும் சொல்கிற பதில்தான்போல, அவர் நிமிராமல் எழுதினார். அப்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் இங்கே சொல்வதா என்று தயங்கினேன்.

“சின்ன விசயம்தான்” என்றேன்.

“பரவாயில்லை, சொல்லுங்கோ” என்றாள் அக்கா.

“கடலுக்குப் போகமுன்னம் ஒழுங்கை முகப்பிலை இருக்கிற பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுத்தான் போறவர். ஒருநாளும் தோப்புக்கரணம் போடாமல் போகமாட்டார். பேந்து அதை விட்டிட்டார். சும்மா கையைக் கூப்பிப்போட்டுப் போயிடுவார். முழங்கால் நோவாக்கும் எண்டு நான் பின்னேரத்திலை எண்ணெய் பூசி விட்டனான்.”

அக்கா இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ந்த குரலில் அதை மொழிபெயர்த்தாள். சட்டத்தரணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, அதை எப்படிச் செய்வது என்று சொல்லும்படி கேட்டார். கையை மாற்றி இரண்டு காதையும் பிடித்து, குந்தி எழும்புவது என்றேன். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அக்கா அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துத்தான் சொன்னாள்:

“உங்கடை அவர் இப்ப இதிலை எழும்பி நிண்டு அதைச் செய்து காட்டினவர். அது வேறை ஆக்களுக்கு முன்னாலை செய்ய வைச்சதாம்.”

இவருடைய தொங்கிய சேர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏன் வெளியே வந்தது என்று இப்போது விளங்கியது. என்னை வெளியே அனுப்பிவிட்டு ஒளித்த ஒன்றை, நானே உள்ளே வந்து, ஒன்றும் தெரியாமல், பிள்ளையார் கதை என்று நினைத்துக்கொண்டு எடுத்துப் போட்டுவிட்டேன். நான் எண்ணெய் பூசிய நாட்களில் இவர் காலை நீட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. முழங்காலில் நோவு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசிவிடு என்று விட்டுக்கொண்டிருந்தார்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். வீட்டுப் படியேறும்போது, “பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லாதை” என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

சில மாதங்களில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். முடிவில் என்ன எழுதியிருக்கிறது என்று சட்டத்தரணி வாசிக்க, அக்கா தமிழில் சொன்னாள். அப்போதுதான் முழுவதையும் அறிந்தேன். காவலரணிலிருந்து பார்த்தால் பிள்ளையார் கோயில் தெரியும். இவர் தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்து வைத்திருந்த நேவிப் பெடியன்கள், உன் சாமிக்குச் செய்கிறதை எங்களுக்கும் செய்துவிட்டுப் பாஸை எடு என்றிருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, அதுவே வழக்கமாகிவிட்டது. வரிசையில் பின்னால் இவருடைய வள்ளத்து ஆட்களே நிற்பார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்களாம். அதுதான் தாங்க முடியாமல் போனது என்று இவர் உள்ளே சொல்லியிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் கட்டுப்பாடும் தொல்லையும்தான், எல்லாம் சேர்ந்தபோது இந்த மனிதருக்குத் தொழிலும் மிஞ்சவில்லை, தெய்வமும் மிஞ்சவில்லை, ஆகவே இது துன்புறுத்தல் என்று முடிவில் இருந்ததாம். மனைவி அறியாமல் சொன்ன ஒன்று அதை உறுதிப்படுத்தியது என்றும் இருந்ததாம்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பாயாசம் காய்ச்சினேன். ஆனால் வீட்டுக்குள் ஒரு வெட்கம் வந்து குடியேறிவிட்டது. இவர் துறைமுகத்துப் பக்கம், கொண்டெய்னர்களில் வரும் சாமான்களை இறக்கும் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனார். ஆற்றங்கரை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. என்னோடு பேசுவார், ஆனால் கோப்பையைப் பார்த்துப் பேசுவார், தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசுவார். நான் என்ன செய்வேன்? இவர் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினால்கூட எனக்கு அந்தக் காட்சி மனதில் வந்துவிடும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பிக்கொண்டதை இவர் கண்டிருப்பார் என்று நினைத்து இன்னும் வெட்கப்படுவேன். செய்தவர்கள் எங்கோ நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது நாங்கள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளாக்கர் ஐயா வந்தார். திருகோணமலையில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர், இவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். மனைவியை அங்கே விட்டுவிட்டுத் தனியே வந்து பக்கத்து வில்லரேயில் மருமகன் வீட்டில் இருந்தார். அவருடைய விசாரணை நாள் நெருங்கியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒருவர் வென்றுவிட்டால் போதும், என்ன சொல்லி வென்றீர்கள் என்று கேட்க வீடு தேடி வருவார்கள். இவர் எல்லோருக்கும் ஏதாவது சொல்லி மழுப்பி அனுப்பிவிடுவார். கிளாக்கர் ஐயா ஆனால் அப்படிக் கேட்கவில்லை. கந்தோரில் பதவி உயர்வு தராததை, தன் கதிரையை எடுத்துவிட்டு விறாந்தையில் இருத்தியதை, பென்ஷனை இழுத்தடித்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, “இதுகளைப் போய்ச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு, தம்பி. பேசாமல் திரும்பிப் போவமோ எண்டு யோசிக்கிறன்” என்றார்.

இவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஐயா, இவ்வளவுதானோ? வேறை ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டார். கிளாக்கர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ போய்த் தேத்தண்ணி போடு” என்றார்.

தேத்தண்ணி ஏற்கெனவே மேசையில் இருந்தது.

நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். சட்டியொன்றைத் தொட்டிக்குள் போட்டு அதன்மேல் தண்ணீர் விழவைத்தேன். நான் கேட்கவில்லை என்பது இவருக்குத் தெரியவேண்டும். இவருடைய குரலின் முழக்கம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. இவர் முடித்த பிறகு கிளாக்கர் ஐயாவின் குரல் வந்தது. அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போன பிறகு இவர் உள்ளே வந்து குழாயைப் பூட்டினார். “அந்த மனிசன் இண்டைக்குத்தான் முதல்முதலா வாய் திறந்து சொல்லுது. ஜட்ஜுக்கும் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த விசாரணை நாளிலிருந்து அது நடக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத இவ்வளவு காலம் எடுத்திருக்கமாட்டேன்.

பனிக்காலம் பிறந்த பிறகு ஒரு பின்னேரம் கிளாக்கர் ஐயா மறுபடி வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, வாசல் கால்மிதியிலேயே நின்றார், பனி உருகி அவரைச் சுற்றித் தண்ணீராக நின்றது. உள்ளே வரச் சொன்னோம், மாட்டேன் என்றார். அவருக்கு வாய்த்தது வேறொருவர், இளைஞர், பண்பாகத்தான் நடத்தினாராம். எல்லாவற்றையும் சொன்னாராம், எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னதையும் சொன்னாராம். இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்ததாம், முதல்தரம் விளங்கவில்லையாம். நடந்ததெல்லாம் உண்மை என்று நம்புவதாகவும் முடிவுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்களாம்.

“நான்தானே ஐயா உங்களைச் சொல்லச் சொன்னனான்” என்றார் இவர்.

“உம்மிலை என்ன பிழை” என்றார் கிளாக்கர் ஐயா. எங்கள் இருவரையும் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். “எல்லாத்தையும் ஒண்டாச் சேத்துத்தான் பாத்தவையாம், தம்பி. ஏற்கிற அளவுக்குக் காணாதாம்.”